கைக்கு வரும் விலை எது? சிறு விவசாயியின் நெல் விற்பனைக் கணக்கு

நெல் சாகுபடியில் நாற்றங்கால் முதல் கதிர் முற்றும் வரை நாலு மாதம் பாடுபடும் விவசாயி, அறுவடைக்குப் பின் வரும் பத்து நாட்களில் அந்தப் பாட்டின் பலனில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறார். பூச்சியால் வரும் சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. எடையிலும், ஈரத்திலும், மூட்டைக் கணக்கிலும் வரும் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்தச் சேதம் சில சமயம் அடுத்த போகத்தின் உரச் செலவுக்குச் சமமாகிவிடுகிறது. நெல்லை யாரிடம் விற்றாலும், சொல்லப்படும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு என்பதை உணர்ந்து கணக்கிட்டு விற்பதே இதற்கு வழி.

மதுரைச் சமவெளியின் அறுவடைக் காலம்

மதுரைச் சமவெளியின் நெல் சாகுபடி பெரும்பாலும் பெரியாறு, வைகைத் தண்ணீரையும் கண்மாய்களையும் நம்பி நடக்கிறது. 1895-ல் பெரியாறு அணையும், 1959-ல் வைகை அணையும் பயன்பாட்டுக்கு வந்தன. பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாயில் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகப் பாசனம் பெறுகிறது. மேலூர்ப் பகுதியில் சுமார் 85 ஆயிரம் ஏக்கரும், திருமங்கலம் கால்வாயில் சுமார் 19 ஆயிரம் ஏக்கரும் ஒருபோகப் பாசனம் பெறுகின்றன.

விற்பனைச் சிரமத்துக்கு முதல் காரணம் இந்தப் பாசன முறையிலேயே இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கப்படும் ஆண்டுகளில், இருபோகப் பகுதியின் முதல் போகம் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். செப்டம்பர் நடுவில் தண்ணீர் பெறும் ஒருபோக நிலங்கள் தை, மாசியில் அறுவடையாகின்றன. அப்போது மழை குறைவு, வெயில் உண்டு. ஆனால் மேலூர் முதல் திருமங்கலம் வரை ஒரே நேரத்தில் நெல் வந்து குவிகிறது. முதலாவதில் ஈரத்தால் விலை இறங்குகிறது. இரண்டாவதில் வரத்து மிகுதியால் விலை இறங்குகிறது. எந்தப் போகத்து நெல்லை விற்கிறோம் என்பதைப் பொறுத்தே விற்கும் முறையையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நெல்லை வாங்குவோர்

மதுரை நகரில் நெல்பேட்டை என்று ஒரு பகுதியின் பெயரே நெல் வாணிபத்தை நினைவூட்டுகிறது. வண்டி கட்டி நெல்லை நகருக்குக் கொண்டுவந்த காலம் போய், இன்று லாரி வயலுக்கே வருகிறது. சிறு விவசாயிக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, வயலிலேயே வாங்கும் வியாபாரி. இவர் பெரும்பாலும் உள்ளூர்த் தரகர் மூலம் வருகிறார். அறுவடை இயந்திரம் கொட்டும் நெல்லை அப்படியே எடை போட்டு ஏற்றிக்கொள்கிறார்.

இரண்டாவது, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 1972-ல் தொடங்கப்பட்ட இக்கழகம் 2002 முதல் மத்தியத் தொகுப்புக்காகவும் நெல்லைக் கொள்முதல் செய்து வருகிறது. மதுரைப் பகுதியில் இந்நிலையங்கள் பெரும்பாலும் அறுவடையை ஒட்டித் தற்காலிகமாகத் திறக்கப்படுபவை.

மூன்றாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய இடங்களில் இக்கூடங்கள் உள்ளன.

நான்காவது, நெல்லை அரைத்து அரிசியாக விற்பது.

காய்கறி விளைவிக்கும் விவசாயிக்கு உழவர் சந்தை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. ஆனால் நெல்லை உண்பவரிடம் நேரே விற்க முடியாது. இடையில் ஆலை உண்டு. அதனால்தான் நெல் விவசாயிக்கு இடைத்தரகரின் தேவை எளிதில் நீங்குவதில்லை.

அரசு விலையும் அதன் நிபந்தனைகளும்

2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு ரூ. 2,369, சன்ன ரகத்துக்கு ரூ. 2,389 ஆகும். தமிழக அரசின் ஊக்கத்தொகை முறையே ரூ. 131, ரூ. 156 சேர்ந்து, 2025 செப்டம்பர் 1 முதல் பொது ரகம் ரூ. 2,500-க்கும், சன்ன ரகம் ரூ. 2,545-க்கும் கொள்முதல் செய்யப்பட்டது. இவ்விலை ஆண்டுதோறும் மாறும். விற்குமுன் அந்தந்தப் பருவத்து விலையைக் கேட்டறிந்து கீழே வரும் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த விலை எல்லா நெல்லுக்கும் கிடைக்கும் விலை அல்ல. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கல், மண் ஒரு சதவிகிதத்துக்கு மேலும், பதர், வைக்கோல் துணுக்கு ஒரு சதவிகிதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. முதிராத, சுருங்கிய மணிகள் 3 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு தின்ற மணிகளுக்கு 5 சதவிகிதம் வரையே இடம் உண்டு. பெருமழை பெய்த ஆண்டுகளில் தமிழக அரசு கேட்டதன்பேரில் மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தியதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவிகிதமும், 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதமும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் மழை பெய்து பல நாள் கழித்தே இத்தகைய உத்தரவு வரும். அதற்குள் நெல் முளைத்துவிடும். எனவே தளர்வை நம்பி நெல்லைக் குவித்து வைப்பது தகாது.

நாடு முழுவதும் பார்த்தாலும் ஆதரவு விலையின் பலன் எல்லாருக்கும் எட்டுவதில்லை. 2015-ல் அறிக்கை தந்த சாந்தகுமார் குழு, நாட்டின் விவசாயிகளில் சுமார் 6 சதவிகிதம் பேரே கொள்முதல் நிறுவனங்களிடம் ஆதரவு விலைக்கு விற்றுப் பயனடைந்ததாகக் கூறியது. மற்றவர்கள் வெளிச்சந்தையில் விற்றவர்களே.

ஈரம் எவ்வளவு, எடை எவ்வளவு?

கையால் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்த காலத்தில் நெல் ஓரிரு நாள் காய்ந்தபின்பே பொலியாகும். இன்று பெல்ட் மிஷின் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிடுகிறது. வேலை எளிதாயிற்று. ஆனால் நெல் பச்சை ஈரத்துடன் வந்து விழுகிறது. அதன் ஈரப்பதம் 20 முதல் 24 சதவிகிதம் வரை இருப்பது சாதாரணம்.

ஈர நெல்லைக் காயவைத்தால் எடை குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த விலை நல்ல விலை என்று சொல்ல முடியும். 100 கிலோ நெல்லை 17 சதவிகித ஈரத்துக்குக் காயவைத்தால் கிடைக்கும் எடை வருமாறு:

20 சதவிகித ஈரம் இருந்தால் – 96.4 கிலோ.
22 சதவிகித ஈரம் இருந்தால் – 94 கிலோ.
24 சதவிகித ஈரம் இருந்தால் – 91.6 கிலோ.

அதாவது 22 சதவிகித ஈரமுள்ள ஒரு குவிண்டாலில் 6 கிலோ தண்ணீராகப் போய்விடும். சேமித்து வைப்பதற்காக 14 சதவிகிதம் வரை காயவைத்தால் 9 கிலோவுக்குச் சற்று மேல் குறையும்.

வியாபாரியும் இந்தக் கணக்கு அறிந்தவரே. ஈர நெல்லுக்கு அவர் குறைத்துக் கேட்பதில் ஒரு பகுதி நியாயமானது. அந்தக் குறைப்பு தண்ணீருக்கு உரியதா, விவசாயியின் அவசரத்துக்கு உரியதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். தாய்லாந்திலும் விவசாயிகள் அறுத்த ஈர நெல்லை நேரே ஆலைக்குக் கொண்டுபோகின்றனர். ஆனால் அங்கே 15 சதவிகித ஈரத்துக்கு ஒரு விலை சொல்லி, அதற்கு மேற்பட்ட ஈரத்துக்கு ஏற்பக் கழிக்கும் வழக்கம் உண்டு. இங்கே வயலில் கண்ணால் பார்த்தும், கையால் அள்ளியும் விலை சொல்லப்படுகிறது. ஈரத்தை அளக்காமல் விலை பேசும்போது இழப்பு விவசாயிக்கே.

மூட்டை என்பது எத்தனை கிலோ?

தனியார் வியாபாரத்தில் விலை பெரும்பாலும் மூட்டைக்குப் பேசப்படுகிறது. ஆனால் மூட்டை என்பது ஊருக்கு ஊர் மாறும். 60 கிலோ மூட்டையும் உண்டு, 65 கிலோ மூட்டையும் உண்டு, 75 கிலோ மூட்டையும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. பக்கத்து ஊரில் மூட்டைக்கு இவ்வளவு கிடைத்ததாம் என்று கேட்டு விலை பேசுவது இதனால்தான் ஏமாற்றம் தருகிறது.

இதற்கு மேல் சாக்குக்கும், ஈரத்துக்கும், பதருக்கும் என்று ஒரு மூட்டைக்கு இரண்டு கிலோ கூட்டி எடை வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 65 கிலோ மூட்டை ரூ. 1,300 என்றால் குவிண்டால் விலை ரூ. 2,000. அதே மூட்டைக்கு 67 கிலோ எடுத்தால் குவிண்டால் விலை ரூ. 1,940 ஆகிவிடுகிறது. சாக்கின் எடையோ அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான்.

ஆகவே எந்த விலையையும் குவிண்டாலுக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். மூட்டை விலையை, உண்மையில் எடுக்கப்படும் கிலோவால் வகுத்து நூறால் பெருக்கினால் குவிண்டால் விலை வந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதை நொடியில் போட்டுச் சொல்வார்கள்.

இரண்டு ஏக்கர் விவசாயியின் கணக்கு

மேற்கண்டவற்றைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். இரண்டு ஏக்கரில் 50 குவிண்டால் சன்ன ரக நெல் கண்டுமுதல். ஈரம் 22 சதவிகிதம். இதில் வரும் செலவுத் தொகைகள் கணக்குக்காகக் கொள்ளப்பட்டவை. ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வயலிலேயே விற்றால்: 65 கிலோ மூட்டை ரூ. 1,300 என்று பேசி 67 கிலோ எடுத்தால், 50 குவிண்டாலுக்குக் கிடைப்பது சுமார் ரூ. 97,000. தரகு தனி.

கொள்முதல் நிலையத்தில் விற்றால்: காயவைத்தபின் நெல் சுமார் 4,700 கிலோ. தூற்றியதில் 50 கிலோ பதர் போனால் மிச்சம் 4,650 கிலோ. குவிண்டால் ரூ. 2,545 வீதம் சுமார் ரூ. 1,18,300. காயவைக்கும் ஆள் கூலி ரூ. 4,000, டிராக்டர் வாடகை ரூ. 2,500, தார்ப்பாய் முதலியன ரூ. 1,000. ஆக ரூ. 7,500 செலவு போகக் கைக்கு வருவது சுமார் ரூ. 1,10,800.

இரண்டுக்கும் வித்தியாசம் ரூ. 13,000-க்கும் மேல். ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. நிலையத்தில் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக எடுக்கப்பட்டால் சுமார் ரூ. 2,900 போகும். மூட்டைக்கு 40 ரூபாய் கொடுக்க நேர்ந்தால் இன்னும் சுமார் ரூ. 4,500 போகும். அப்போது கைக்கு வருவது ரூ. 1,03,400. பணம் வரும்வரை வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டியும் ஓடும். ரூ. 13,000 என்று தோன்றிய வித்தியாசம் பாதியாகிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. மேற்கண்ட நெல்லுக்கு, நிலையத்தில் ஒழுங்காக எடை போட்டு வாங்கினால், வயலில் சரியான 65 கிலோ மூட்டைக்கு ரூ. 1,440 கொடுக்கும் வியாபாரி நிலையத்துக்குச் சமம். அதற்கு மேல் கொடுத்தால் வயலில் விற்பதே லாபம். நிலையத்தில் மேற்சொன்ன கழிவுகள் இருந்தால் இந்த எல்லை ரூ. 1,344 ஆக இறங்கிவிடுகிறது. அதாவது நிலையத்தில் நடக்கும் முறைகேடு அங்கே விற்பவரை மட்டும் பாதிப்பதில்லை. மூட்டைக்குச் சுமார் நூறு ரூபாய் குறைத்துக் கேட்கும் துணிவை அது வெளி வியாபாரிக்கும் தருகிறது. கொள்முதல் நிலையம் பக்கமே போகாத விவசாயியும் அது ஒழுங்காக நடக்கவேண்டும் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

கொள்முதல் நிலையத்தில் நேரும் சிரமங்கள்

முதல் சிரமம் காலதாமதம். அறுவடை தொடங்கியபின்பும் நிலையம் திறக்கப்படாமல் இருப்பதும், திறந்தபின் சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்று கொள்முதல் நிற்பதும் விவசாயிகள் பலகாலமாகச் சொல்லிவரும் குறைகள். வாங்கிய மூட்டைகள் கிடங்குக்குப் போகாவிட்டால், புதிய நெல்லைக் கொட்ட இடம் இராது. குவித்த நெல் மழையில் நனைந்தால் நஷ்டம் விவசாயியுடையது. ஏனெனில் எடை போட்டுப் பட்டியல் எழுதும்வரை நெல் அவர் பொறுப்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது சிரமம், மூட்டைக்குப் பணம் கேட்கப்படுவது. கொள்முதல் நிலையங்கள் பற்றிய வழக்கு ஒன்றில் 2020 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்தப் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. எடை போட, ஏற்ற இறக்க என்று விவசாயி பணம் தரவேண்டிய கடமை இல்லை.

மூன்றாவது சிரமம் ஆவணங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் இணையவழியில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சொந்த நிலம் உள்ளவருக்கு இது பெரிய காரியம் அல்ல. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்குத்தான் தொல்லை. சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும், நிலக்காரர் வெளியூரில் இருப்பார். இத்தகையோர் அறுவடை வரை காத்திராமல், பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் தாம் சாகுபடி செய்வதைப் பதியச் சொல்லி, சான்று பெற்று வைத்துக்கொள்வது அவசியம். அப்படிச் செய்யாத குத்தகைதாரர் தம் நெல்லை வியாபாரியிடம் குறைந்த விலைக்குக் கொடுக்க, வேறொருவர் சிட்டாவில் அதே நெல் நிலையத்துக்குப் போய்ச் சேரும் நிலையும் ஏற்படுகிறது.

கடன் தரும் கையே விலையும் சொல்கிறது

இத்தனை கணக்கு தெரிந்தும் பல விவசாயிகள் வயலிலேயே விற்பதற்கு அறியாமை காரணம் அல்ல. உரக்கடைக்காரரிடமோ, தரகரிடமோ நடவு நேரத்தில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். நெல்லை அவருக்கே அளப்பது என்பது அப்போதே பேசிய பேச்சு. இது வட்டியில்லாக் கடன்போலத் தோன்றும். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் விலைக்குறைவில் வட்டி அடங்கியிருக்கிறது. ரூ. 15,000 முன்பணம் வாங்கி, 75 மூட்டையை மூட்டைக்கு ரூ. 50 குறைத்துக் கொடுத்தால், நாலு மாதத்துக்கு ரூ. 3,750 வட்டி கொடுத்ததாகும். நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய்க்கும் மேல்.

எனவே விற்பனைச் சுதந்திரம் நடவு நாளிலேயே தொடங்குகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று, தவணைக்குள் திருப்பிச் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. சங்கத்தில் நகைக் கடன் பெறுவதும் தரகரின் முன்பணத்தைவிட மலிவானதே. இயந்திர வாடகைக்கும் ஆள் கூலிக்கும் வேண்டிய பணத்துக்கு மட்டும் கொஞ்சம் நெல்லை வயலில் விற்று, மீதியை நிதானமாக விற்பதும் நல்ல யோசனை. எல்லா நெல்லையும் ஒரே நாளில், ஒருவரிடமே விற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காத்திருக்க முடிந்தவருக்கு விற்பனைக் கூடம்

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மறைமுக ஏலமும், தேசிய மின்னணு வேளாண் சந்தை மூலம் விற்பனையும் நடைபெறுகின்றன. சந்தைக் கட்டணம் வாங்கும் வியாபாரியைச் சேர்ந்தது. விற்கும் விவசாயியிடம் வசூலிப்பதில்லை. எடை மின்னணுத் தராசில். சிறு விவசாயிக்கு இதைவிட முக்கியமான வசதி பொருளீட்டுக் கடன். நெல்லைக் கூடத்தின் கிடங்கில் வைத்து, மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் பெற்று, ஆறு மாதம் வரை விலைக்குக் காத்திருக்கலாம். தை, மாசியில் வரத்து மிகுந்து விலை இறங்கும் மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பகுதியினருக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் 14 சதவிகிதம் வரை நன்கு காய்ந்த நெல்லையே சேமிக்கவேண்டும். ஈர நெல்லைக் கட்டி வைத்தால் சூடேறி மஞ்சளாகி, வந்த விலையும் போய்விடும்.

வீட்டில் குலுக்கையும் பத்தாயமும் இருந்த காலத்தில் நெல்லைப் பழசாக்கி விற்கும் வழக்கம் இருந்தது. பழைய நெல்லின் சோறு குழையாது என்பதால் இன்றும் அதற்குத் தனி விலை உண்டு. சன்ன ரகம் பயிரிட்டவர் வீட்டுத் தேவைக்குப் போக ஐந்து, பத்து மூட்டையையாவது இப்படி நிறுத்தி வைப்பது பயன் தரும்.

அரைத்து அரிசியாக விற்க எண்ணுபவர் முதலில் ஒரு மூட்டையை மட்டும் அரைத்துப் பார்ப்பது நல்லது. நூறு கிலோ காய்ந்த நெல்லில் சாதாரண ஆலையில் 60 முதல் 65 கிலோ வரை அரிசி எதிர்பார்க்கலாம். அரிசி விலையை இதனால் பெருக்கி, அவியல், அரவைக் கூலியும் போக்குவரத்தும் கழித்துப் பார்த்தால் லாபம் தெரியும். உறவினர், அறிந்தவர் வீடுகளுக்கு நேரே விற்பவருக்கே இது கட்டுப்படியாகும். கடனுக்கு அரிசி கொடுத்தால் கட்டுப்படியாகாது.

ரகம் தெரிந்தெடுப்பதும் விற்பனையே

குண்டு ரகத்தைத் தனியார் குறைந்த விலைக்கே கேட்பார்கள். அதைக் கொள்முதல் நிலையத்தை நம்பியே பயிரிடவேண்டும். அருகில் நிலையம் திறக்கப்படும் என்ற உறுதி இல்லாத ஊரில் குண்டு ரகம் போடுவது ஆபத்து. ஆந்திரப் பொன்னி என்று வழங்கும் பி.பி.டி. 5204 போன்ற சன்ன ரகத்துக்கு வெளியிலும் கிராக்கி உண்டு. ஆனால் வயது அதிகம். நோய்க்கும் இலக்காகும். முதல் போகத்தில் மழைக்கு முன் அறுக்கவேண்டியிருப்பதால் குறுகிய வயது ரகமும், ஒருபோகத்தில் சன்ன ரகமும் பொருத்தமானவை. ஒரே மடையில் பாயும் நிலங்களில் ஆளுக்கொரு ரகம் போட்டால் வியாபாரி யாருக்கும் நல்ல விலை கொடுக்கமாட்டார். ஒரே ரகமாக ஒரு லாரி நெல் கிடைக்குமானால் விலை கூட்டிக் கொடுக்க அவருக்கும் கட்டுப்படியாகும்.

பத்துப் பேர் சேர்ந்தால்

ஒருவர் தனியாகச் செய்ய முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்தால் செய்யலாம். ஈரப்பதமானி ஒன்று, மின்னணுத் தராசு ஒன்று, பெரிய தார்ப்பாய்கள் சில. இவற்றைத் தனியாக வாங்க இரண்டு ஏக்கர்காரருக்கு வசதி இராது. ஒரு மடையின் விவசாயிகள் பங்கு போட்டு வாங்கினால் ஒவ்வொருவருக்கும் வரும் செலவு சிறியது. சொந்தத் தராசில் ஒரு மூட்டையை எடை போட்டுப் பார்த்தபின் வியாபாரியின் எடையாள் தாராளமாகக் கை வைக்கத் தயங்குவார். தமிழ்நாட்டில் 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் அமைக்கப்பட்டு, குழுவுக்கு ரூ. 5 லட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அத்தகைய குழு உள்ள ஊரில் அதன் பொருள்களை அறுவடைக் காலத்தில் முறைவைத்துப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

நிலையம் திறக்கக் கோருவதையும் தனியாகச் செய்யாமல் சேர்ந்து செய்யவேண்டும். எத்தனை ஏக்கர், எந்த வாரம் அறுவடை, எத்தனை மூட்டை வரும் என்று எழுதி, கதிர் வரும் சமயத்திலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பது பலன் தரும். அறுவடை தொடங்கியபின் கொடுக்கும் மனுவுக்கு உத்தரவு வருவதற்குள் நெல் நனைந்துவிடுகிறது.

விவசாயிகள் கவனிக்கவேண்டியவை

1. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக வயலில் தண்ணீரை வடித்துவிடவேண்டும். ஐந்தில் நாலு பங்கு மணிகள் பொன்னிறமானதும் அறுக்கலாம்.

2. காலைப் பனி காய்ந்தபின் பத்து மணிக்கு மேல் இயந்திரத்தை இறக்கவேண்டும். காற்று விசிறியைச் சரியாக வைக்கச் சொன்னால் பதர் வயலிலேயே போய்விடும்.

3. நெல்லை இரண்டு விரற்கடை கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. அடிக்கடி கிளறிவிடவேண்டும். ஒரே கடும் வெயிலில் சுடச்சுடக் காய்ந்த நெல் அரவையில் நொறுங்கிக் குருணையாகும். தார்ச் சாலையில் காயவைப்பது விபத்துக்கு இடம். நெல்லில் கல்லும் சேரும்.

4. மணியைப் பல்லில் கடித்தால் அழுந்தாமல் "கடுக்" என்று உடைவது காய்ந்ததற்கு அடையாளம். ஆனால் நிலையத்துக்குக் கொண்டுபோகுமுன் மானியில் அளந்து பார்ப்பதே நிச்சயம்.

5. பேசும்போதே மூட்டைக்கு எத்தனை கிலோ, சாக்குக் கழிவு எவ்வளவு, தரகு யாரைச் சேர்ந்தது, பணம் எப்போது என்ற நான்கையும் பேசி, சாட்சியுடன் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். பணம் கொடுக்காமல் லாரியை அனுப்பக் கூடாது.

6. நிலையத்தில் எடை போடும்போது உடனிருந்து மூட்டைகளை எண்ணவேண்டும். பட்டியலில் எடை, ரகம், தொகை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சரிபார்த்தபின்பே வீடு திரும்பவேண்டும்.

7. ஒவ்வொரு போகத்திலும் கண்டுமுதல், விற்ற எடை, கழிவு, செலவு, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். அடுத்த போகத்தில் எங்கே விற்பது என்பதற்கு அந்த நோட்டே வழிகாட்டும்.